நாற்பத்தெட்டாம் பக்கத்தில் ஒரு நிக்காஹ்

போன சனிக்கிழமை கல்முனையில் என் முதல் புத்தகத்துக்கு வெளியீட்டு விழா. இந்தப் பத்திரிகைப் பத்தியில் நான் எழுதியவற்றின் தொகுப்பு. முதற் பிரதி பெற ஒரு ஹாஜியார், பொன்னாடை, வீடியோ... குறையொன்றுமில்லை. புத்தகக் கட்டு மட்டும் அன்று காலையில்தான் கொழும்பு பஸ்ஸில் வந்து இறங்கியது.

நயவுரை நிகழ்த்திய சட்டத்தரணி, நாற்பத்தெட்டாம் பக்கத்தில் நான் 'துணிச்சலான பரிசோதனை' ஒன்றைச் செய்திருப்பதாகப் பாராட்டினார். அப்படியா? மேடையிலேயே புரட்டினேன்.

"வீதி விளக்கு எரியாததற்குக் காரணமான அதிகாரிகள் அனைவரும்" என்று என் வசனம் தொடங்குகிறது. அடுத்த வரி — "எமது அன்பு மகளின் நிக்காஹ் வைபவத்துக்குக் குடும்ப சமேதராய் வருகை தருமாறு அன்புடன் அழைக்கிறோம்."

யாருடைய மகள்? கீழே நாள், நேரம், விலாசம் எல்லாம் இருந்தன; நிந்தவூரில் யாரோ ஒருவருடைய மகள். என் கட்டுரையின் மிச்சத்தைக் காணவில்லை. பத்து வருட எழுத்து ஐயா!

மறுநாள் நேரே ரியாஸிடம் போனேன். புத்தகத்தை டைப் செய்து, ஃபிளொப்பியில் ஏற்றிக் கொடுத்த கொம்பியூட்டர் கடைக்காரர். ஒப்பரேட்டிங் சிஸ்டத்தின் அடி ஆழம்வரை இறங்கிப் புரோகிராம் எழுதத் தெரிந்தவர். 'என்ட மெசின்ல பிழையே வராது' என்பது அவர் கடையின் பெருமை.

ஏன் வராது? அன்றுதான் விளங்கியது.

ஃபிளொப்பியில் எழுத முடியாவிட்டால் டொஸ் என்ற அந்த ஒப்பரேட்டிங் சிஸ்டம் நின்று கேட்கும் — நிறுத்தவா, மறுபடி முயலவா, கவனியாமல் போகவா? பாவம், அந்தப் பெட்டிக்குள் இருக்கும் ஒரே நேர்மையான கேள்வி அது. ரியாஸ் ஒரு குட்டிப் புரோகிராம் எழுதி அந்தக் கேள்வியை நடுவழியில் பிடித்து, திரைக்கு வர விடாமல், 'கவனியாமல் போ' என்று தானே பதில் சொல்ல வைத்திருக்கிறார்! என் வரிகள் பதியாத இடத்தில், அதே பழைய ஃபிளொப்பியில் முன்பிருந்த கல்யாணக் கார்ட் அப்படியே குந்தியிருந்தது. திரையிலோ 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது'. அதை நம்பி மெசினில் இருந்த மூலத்தையும் அழித்துவிட்டார்.

கோபத்தில் கத்திவிட்டேன். என்னை அண்ணன் முறையில் காக்கா என்றழைப்பவர், அமைதியாகச் சொன்னார்.

"மெசின் நிண்டு கேள்வி கேட்டா கஸ்டமர் பயந்திருவாங்க காக்கா. இப்பயும் ஒரு ஆளாவது குற சொன்னாங்களா?"

சொல்லவில்லைதான். கொழும்பு அச்சகத்தார் பார்த்திருக்கிறார்கள். நவீன எழுத்தென்று நினைத்தார்களாம். புரூஃப் பார்க்க இங்கிருந்து அங்கே போய்வர இந்த யுத்த காலத்தில் யாரால் முடிகிறது? சட்டத்தரணியும் பார்த்தார்; விளங்கவில்லை என்று சொன்னால் மரியாதை என்னாவது? ஹாஜியார் பார்க்கவே இல்லை. பொன்னாடையோடு மடித்துக் கொண்டுபோய் ஷோகேஸில் வைத்துவிட்டார். ரியாஸ் டொஸ்ஸுக்குச் சொல்லிக்கொடுத்ததை இந்த ஊருக்கு யார் சொல்லிக்கொடுத்தது? கந்தூரிச் சோறு தீய்ந்திருந்தாலும் 'நல்ல ருசி' என்று கை கழுவுகிற ஆட்கள் அல்லவா நாங்கள்...

நேற்று பின்நேரம் வாசலில் ஒருவர். கையில் என் புத்தகம். நிந்தவூர்க்காரர் — மணமகளின் வாப்பா! அடி விழப்போகிறது என்றே நினைத்தேன்.

அவர் நாற்பத்தெட்டாம் பக்கத்தை விரித்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

"தம்பி, குற நினைக்கப்படா. கலியாணம் ஞாயிறு. இதில சனி எண்டு கிடக்கு. இது பிழை."

இத்தனை பேர் கை மாறி வந்த புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று சொன்ன முதல் மனிதர். அவரைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும்போல் இருந்தது.