இன்னும் ஒருத்தர் சாப்பிடல

எங்க அத்தை, அதாவது என் வீட்டுக்காரரோட அம்மா, எண்பத்தாறு வயசுல பட்டினி கிடக்க ஆரம்பிச்சாங்க. வீட்ல அரிசிக்குக் குறை இல்ல, வயித்துல நோவும் இல்ல. வந்தவங்க அத்தனை பேரும் சாப்ட்டு எழுந்தப்புறம்தான் தன் வாயில சோறு வைக்கணும்னு அவங்களுக்கு ஒரு சட்டம். கல்யாணமாகி அந்த வீட்டுக்குள்ள காலெடுத்து வச்ச நாள்லருந்து அதை மீறினதே இல்ல. அந்தச் சட்டமே அவங்களத் தின்னுடும்னு யாரு கண்டா?

திருத்தணியில வீடு இருந்தா சொந்தத்துக்குப் பஞ்சமே கிடையாது. மலைக்கு வர்றவங்க எல்லாருமே சொந்தம்தான். கிருத்திகைக்குக் கிருத்திகை மொட்டைத் தலையில சந்தனத்தப் பூசிக்கினு ஒரு கூட்டம் உள்ள நுழையும். ஆர்.கே.பேட்டையில தறி ஓட்டுற தூரத்துப் பங்காளிங்க, மணவூர்ல ரயில் ஏறி வர்ற என் பொறந்த வீட்டு ஆளுங்க, ஆடி மாசம் காவடியோட வர்ற ஆந்திராக்காரங்க. தெலுங்குல பேசறவங்கன்னா ‘அன்னம் தின்னாரா’ன்னு கேட்டுக்கினே தட்டை எடுத்துடுவாங்க அத்தை. பேரைக் கூடக் கேக்க மாட்டாங்க. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு ஊர் சொல்லும், எங்க வீட்ல வருஷம் பூரா விருந்து. எனக்கோ மூக்குமேல கோவம். இது வீடா சத்திரமான்னு பாத்திரத்த நங்குன்னு வைப்பேன். அத்தை சிரிச்சுக்கினே என் தட்டுல இன்னொரு கரண்டி குழம்பு ஊத்துவாங்க.

மூணு வருஷத்துக்கு முன்னால ஞாபகம் பிசக ஆரம்பிச்சது. முதல்ல கிழமை மறந்தாங்க, அப்புறம் பேரப்பிள்ளைங்க பேரு. பழக்கம் மட்டும் அப்படியே நின்னுது. அதுதான் வினையாப் போச்சு. மத்தியானம் சோறு போட்டு வச்சா தட்டைத் தள்ளிடுவாங்க. மலைக்குப் போனவங்க இன்னும் எறங்கி வரல, வந்துடட்டும்னு சொல்லுவாங்க. யாரு அத்தைன்னு கேட்டா வாசலைக் காட்டுவாங்க. அங்க ஒருத்தரும் இருக்க மாட்டாங்க. பட்டப்பகல்ல எனக்கு முதுகு சில்லுன்னுடும்.

எல்லாரும் சாப்ட்டாச்சு அத்தைன்னு சொல்லிப் பார்த்தேன். எச்சில் தட்டு எங்கன்னு கேட்டாங்க. நாலு தட்டுல குழம்பைத் தடவி முன்னால வச்சேன். ஆங், இவங்க சரி, பின்னால வண்டியில வர்றவங்க இன்னும் சாப்டலையேன்னாங்க. ஒரு வாரம் ரெண்டு பேர் வரணும்னாங்க, அடுத்த வாரம் ஒரு வேன் நெறைய வரணும்னாங்க. ஆளு கூடிக்கினே போனாங்க, அத்தை குறைஞ்சுகினே போனாங்க. கை வளையல் முழங்கையைத் தொட்டுது. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காதும்மான்னு டாக்டர் சொல்லிட்டார். மூக்குல குழாய் வச்சாலும் பிடுங்கி எறிஞ்சாங்க. ஒரு நாள் எனக்குப் பத்திக்கினு வந்து, தின்னுத் தொலைங்களேன்னு கத்திட்டேன். சின்னப் புள்ள மாதிரி மிரண்டு பார்த்தாங்க.

மறுநாள்தான் அந்த யோசனை வந்தது. நல்ல புடவை ஒண்ணைக் கட்டிக்கினு, பின்பக்கமா வெளியில போய், சந்து வழியா சுத்தி முன்வாசலுக்கு வந்து, வீட்ல யாருங்கன்னு குரல் குடுத்தேன். அத்தை முகம் மலர்ந்துபோச்சு. வாம்மா, வெயில்ல வந்திருக்கியேன்னு கையைப் பிடிச்சு உக்கார வச்சாங்க. எந்த ஊருன்னாங்க. கே.ஜி.கண்டிகைன்னேன். நடுங்குற கையால அவங்களே சோறு போட்டாங்க. சாப்ட்டு முடிச்சு, நான்தாம்மா கடைசி, எனக்குப் பின்னால யாருமே வரலன்னேன். நம்பிட்டாங்க. அஞ்சு கவளம் சாப்ட்டாங்க. நான் தோட்டத்துப் பக்கம் போய் அழுதேன்.

அதுக்கப்புறம் தினம் மத்தியானம் நான் விருந்தாளி. என் வீட்டுக்காரர் பார்த்துட்டு, எங்கம்மா வீட்டுக்கு வந்து வந்து நீதான் பெருத்துட்டேன்னு கிண்டல் பண்ணுவார். அத்தை கன்னத்துல கொஞ்சம் சதை வச்சது. எமனையே ஏமாத்திட்டேன்னு எனக்கு ஒரு திமிரு கூட வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை வழக்கம்போல சாப்ட்டுக் கை கழுவி வந்து, நான்தாம்மா கடைசின்னேன். அத்தை தட்டைத் தன் பக்கம் இழுத்தாங்க. சோத்தைப் பிசைஞ்சாங்க. வாய்கிட்ட கொண்டுபோன கை அப்படியே நின்னுது. தட்டைத் தள்ளி வச்சுட்டு, வெளியாள்கிட்ட வீட்டு சங்கதி சொல்ற மாதிரி என் பக்கம் சாஞ்சு மெதுவா சொன்னாங்க.

“என் மருமக இன்னும் சாப்டலம்மா. கோவக்காரிதான். ஆனா காலையிலருந்து அடுப்படியில நின்னுகினே இருக்கா. அவ வரட்டும்.”

“நான்தான் அத்தை அது. இப்பதானே உங்க எதிர்ல சாப்ட்டேன்.”

என் கையைத் தட்டிக் குடுத்தாங்க. “நீ சாப்ட்ட கண்ணு. அவதான் சாப்டல.”

ஓடிப்போய் அந்தப் புடவையை அவுத்துப் போட்டுட்டு, அடுப்படிப் புடவையைச் சுத்திக்கினு தட்டோட வந்து எதிர்ல உக்காந்தேன். நெறைஞ்ச வயித்துல மறுபடியும் சோத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கினேன். அத்தை கொஞ்ச நேரம் பார்த்தாங்க. எந்த ஊரும்மான்னு மரியாதையா கேட்டாங்க. கேட்டுட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கினாங்க.

பதினோரு நாள் எனக்காகக் காத்துக்கினு இருந்தாங்க. நான் பக்கத்துலயேதான் உக்காந்திருந்தேன்.