அரை மாத்திரைக்காரி

இருபத்திரண்டு வருஷமாக அந்த மருந்துக்கடையில் நின்றவளுக்குத் தெருவே வைத்த பெயர் அரை மாத்திரைக்காரி. கடை முதலாளியை யாரும் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. எல்லாரும் அவளைத்தான் தேடி வருவார்கள். வயதானவர், மெலிந்தவர், முதல் தடவை சாப்பிடுபவர், யாராக இருந்தாலும் அவள் பிளேடால் மாத்திரையை இரண்டாக்கித்தான் ஆரம்பிப்பாள். அரை மாத்திரையில் ஒன்றும் ஆகிவிடாது, நாளைக்கு வந்து சொல்லுங்கள் என்பாள். சொன்னபடியே யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. அந்தக் கைராசிதான் கடைசியில் அவளைக் குப்புறத் தள்ளியது.

அவள் வீட்டுக்காரர் சட்டைக் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நாற்பது அடுக்குத் துணியை இம்மி பிசகாமல் வெட்டுபவர். தன் பெண்டாட்டியிடம் முழு மாத்திரை வாங்கச் சிபாரிசு வேண்டும் என்று கம்பெனியில் சொல்லிச் சிரிப்பார். மதுவை மோந்துகூடப் பார்க்காத மனிதர். எப்போதோ ரத்தத்தில் புகுந்த காமாலைக் கிருமி வருஷக்கணக்காகச் சத்தமில்லாமல் ஈரலை அரித்திருந்தது. வயிற்றில் நீர் கோத்துக் கால் வீங்கிய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. ஈரல் சுருங்கித் தழும்பேறிவிட்டது என்றார் டாக்டர். குடிக்காதவருக்கு இது வருமா என்று எதிர்வீட்டுக்காரி இழுத்தபோது, பளாரென்று ஒன்று விடலாமா என்று அவளுக்கு வந்தது.

டாக்டர் சீட்டின் அடியில் ஒரு வரி எழுதியிருந்தார்: கேட்காமல் வேறு எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. அவள் படிக்காமல் இல்லை. மருந்தைப் பற்றி ஒன்றும் தெரியாத சனங்களுக்காக எழுதியது என்று அதை ஒதுக்கிவிட்டாள். வலி மாத்திரை அவருக்கு ஆகாது என்று அவளுக்கே தெரியும். மகன் தலைவலிக்கு வாங்கி வைத்ததைக்கூட அலமாரியில் வைத்துப் பூட்டினாள். இத்தனை தெரிந்தவளுக்கு இன்னொருவரிடம் போய்க் கேட்பது கௌரவக் குறைச்சலாக இருந்தது, அவ்வளவுதான்.

மூன்று மாதம் போனது. மாஸ்டருக்குத் தூக்கம் தலைகீழானது. பகலெல்லாம் நாற்காலியில் சொக்கி விழுந்தார், ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருந்தார். கவலையில் மனுஷன் உருகுகிறார் என்று இவள் நினைத்தாள். நோய் மூளையைத் தொட ஆரம்பித்ததற்கு அதுவே அடையாளம் என்று எந்த மருந்து அட்டையிலும் அச்சடித்திருக்கவில்லை. தூக்க மாத்திரை ஒன்றை எடுத்துப் பாதியாக்கிக் கொடுத்தாள். அன்று நன்றாகத் தூங்கினார். அவளுக்கு நிம்மதி. மறுநாளும் பாதி, அதற்கு மறுநாளும் பாதி கொடுத்தாள்.

நான்காம் நாள் காலையில் மாஸ்டர் சட்டைப் பொத்தானைப் போடத் தெரியாமல் நின்றார். பொத்தானையும் ஓட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்ற மகனை "சார்" என்று கூப்பிட்டார். பத்து மணிக்கு உலுக்கியும் கண் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். காய்ச்சல் உண்டா, கீழே விழுந்தாரா, வேறு ஏதாவது மருந்து கொடுத்தீர்களா? மகன் முந்திக்கொண்டான்.

"சீட்டுல இருக்கிறதத் தவிர ஒண்ணுமே இல்ல டாக்டர். எங்கம்மா மருந்துக்கடையில இருக்காங்க. அவங்களுக்குத் தெரியாம ஒரு மாத்திரை உள்ள போகாது."

அப்படியென்றால் மூளையில் கிருமியோ என்று சந்தேகப்பட வேண்டும், முதுகில் ஊசி குத்தி நீர் எடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. இந்த ஈரலோடு குத்தினால் ரத்தம் லேசில் நிற்காது என்பதையும் மறைக்கவில்லை. கையெழுத்துப் போடும் தாள் வந்தது. அவள் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரை கொடுத்ததைச் சொன்னால் மகன் முகத்தில் எப்படி விழிப்பது? இருபத்திரண்டு வருஷப் பெயர் ஒரே வாயில் மண்ணாகிவிடும். மகன் பேனாவைத் திறந்தான்.

"நான் குடுத்தேன்மா," என்றாள். "தூக்க மாத்திரை. அரைதான். மூணு நாளா."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தாளை வாங்கி ஓரமாக வைத்தார்.

"ஈரல் நல்லா இருந்தா அந்த அரைய அதுவே கரைச்சு வெளிய தள்ளிடும்மா. இவருக்கு முதல் நாள் போட்டதே இன்னும் ரத்தத்துல நிக்குது. அதுமேல நீங்க ரெண்டு நாள் ஏத்தியிருக்கீங்க."

விழுங்கிய மருந்து ஈரலில் வடிகட்டப்படாமல் பக்கவழியில் நழுவி நேரே மூளைக்குப் போகிறது, ஏற்கெனவே தடுமாறும் மூளைக்குத் துளி மருந்தும் மலைபோல் ஆகிவிடும் என்று விளக்கினார். தூக்கம் கெட்டபோதே வந்திருக்கலாமே என்று கேட்டார். முதுகு ஊசியை நிறுத்தி வைத்தார்கள். மூளைக்கு ஏறும் நஞ்சை வெளியேற்றக் குடலைச் சுத்தப்படுத்தும் மருந்து குழாய் வழியாக உள்ளே போனது. மகன் அவள் பக்கம் திரும்பாமல் வராந்தாவுக்குப் போய்விட்டான்.

இரண்டு நாள் கழித்து மாஸ்டர் கண் விழித்து மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். யாரும் சொல்வதற்கு முன் அவளே எல்லாவற்றையும் சொன்னாள், ஒன்றையும் குறைக்காமல். கேட்டு முடித்ததும் அவர் அவள் கையைத் தட்டிக் கொடுத்தார்.

"விடு. நீ குடுத்தத என்ன ஏதுன்னு நான் என்னைக்காவது கேட்டிருக்கேனா? கண்ண மூடிக்கிட்டுப் போட்டுக்குவேன்."

ஆறுதலாகத்தான் சொன்னார். சாயங்காலம் நர்ஸ் மாத்திரையை நீட்டியபோது, அதை வாங்கிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை.