ஸ்லிப் ஆகாத மோட்டார்

சரவணம்பட்டியில் ஐ.டி. கம்பெனிப் பிள்ளைகள் மாதம் ஒரு ஞாயிறு காலை, காபிக் கடை மாடியில் கூடி இசைத்தட்டு கேட்கிறார்கள். தட்டு வைத்திருப்பவர் தன் பிளேயரோடு வந்து, தட்டைச் சுழலவிட்டு, அதைப் பற்றி நாலு வார்த்தை பேச வேண்டும். அந்த ஞாயிறு பேச வந்தவர் காளிச்சாமி. கணபதியில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருப்பவர். வயது அறுபதைத் தாண்டிவிட்டது.

அவருக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுத்தவர் யாருமில்லை. பல வருஷங்களுக்கு முன் மூடிப்போன மில் ஒன்றின் பங்களாவைக் காலி செய்தார்கள். பழைய மோட்டார்களை எடைக்கு எடுக்கப் போன காளிச்சாமிக்கு அமெரிக்க ரெக்கார்டு பிளேயர் ஒன்றும், ஒரு பெட்டித் தட்டுகளும் சேர்ந்து வந்தன. கச்சேரித் தட்டு, ஜாஸ் தட்டு, நாட்டுப்பாட்டுத் தட்டு எல்லாம் ஒரே பெட்டியில் கிடந்தன. அதனால் அவை வேறு வேறு சாதி என்பதே அவருக்கு வெகுநாள் தெரியாது. ஒரு பக்கத்தை ஒரு மாதம் கேட்பார். முழுக்க மனசில் ஏறினால்தான் மறுபக்கம். பெட்டி தீர்ந்த பிறகு ஒன்றொன்றாகத் தேடி வாங்கினார். போனில் மட்டும் பாட்டுக் கேட்கவே மாட்டார். அது, கிணற்றுத் தண்ணீரை இங்க் பில்லரில் உறிஞ்சுகிற வேலை என்பார்.

மாடியில் அவர் பேச்சு நன்றாகவே எடுபட்டது. முதலில் கச்சேரித் தட்டு ஒன்றைச் சுழலவிட்டார்; ஒரு பெண்குரல்.

"இந்தம்மா இதப் பாடறப்ப இருபது வயசுகூட இருக்காதுங்க. கொரல்ல இன்னும் பால் வாசன போகல பாருங்க."

அடுத்து உடுமலைப்பேட்டைப் பக்கம் பதிவு செய்த நடவுப்பாட்டு. "என்ன வேகம்ங்கறீங்க! வரப்பு மேல மேஸ்திரி நிக்கறான்னு அர்த்தம்." பிள்ளைகள் கைதட்டிச் சிரித்தார்கள்.

மூன்றாவது ஜாஸ். "இந்த சாக்ஸஃபோன்காரர் சிரிச்சுக்கிட்டேதான் வாசிக்கறாருங்க. எத்தனையோ நாள் பட்டறையில நட்டம்னு வந்து, இவரக் கேட்டுப்போட்டுத்தான் சோறு தின்னுருக்கேன்."

கூட்டத்தை நடத்துகிற அஃப்தாப் கீபோர்டு வாசிப்பான். தட்டோடு சேர்ந்து மெல்ல வாசிக்க ஆரம்பித்தவன் நிறுத்தினான். வேறு கட்டையைத் தொட்டான். மறுபடி நிறுத்தினான்.

"அங்கிள், இவர் ரெண்டு கட்டைக்கு நடுவுல வாசிக்கறாரு."

"வாசிச்சா என்னங்க தம்பி? பெரிய வித்வான். அவரு எங்க வேணா நிப்பாரு."

"அவர் நிக்கலாம் அங்கிள். பின்னால பியானோ கேக்குதே. அதுக்கும் கட்டைதானே, அதுவுமா நடுவுல நிக்கும்?"

அதே ஆல்பத்தை அஃப்தாப் போனில் தேடிப் போட்டான். பாட்டு சற்றுத் தாழ்ந்து, சற்று நிதானமாக வந்தது.

"சார்ஜ் இல்லீங்களா தம்பி? இழுக்குதே," என்றார் காளிச்சாமி.

மாடியே சிரித்தது. இன்னொருத்தி தன் போனில் போட்டாள். பின் வரிசையில் ஒருவன் லேப்டாப்பில் போட்டான். எல்லாம் ஒன்றுபோலத் தாழ்ந்தே பாடின. சிரிப்பு தானாக அடங்கியது. காளிச்சாமி ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு, எல்லோருக்கும் கும்பிடு போட்டுப் புறப்பட்டார்.

வீட்டுக்கு வந்ததும் சாப்பிடக்கூட உட்காரவில்லை. சுழலும் வட்டின் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கடிகாரத்தை வைத்துக்கொண்டு சுற்றுகளை எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்றும் கொஞ்சமும் சுற்ற வேண்டியது, கிட்டத்தட்ட முப்பத்தைந்து சுற்றியது. மறுபடி எண்ணினார். அதேதான்.

தப்பு எங்கே என்று அவருக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது. அமெரிக்கக் கரண்டுக்குச் செய்த மோட்டார் நம் கரண்டில் மெதுவாகத்தான் ஓடும். அதைச் சரிக்கட்ட, மோட்டார் முனையில் மாட்டுகிற பித்தளைப் புல்லியை அவரே பெரிதாகக் கடைந்து போட்டிருந்தார். அளவைக் கணக்குப் போட்டபோது கை பழக்கத்தில் போயிற்று. ஆயிரத்து ஐந்நூறு சுற்ற வேண்டிய பம்பு மோட்டார் பாரம் ஏறியதும் கொஞ்சம் பின்வாங்கி, ஆயிரத்து நானூற்று நாற்பதில் நிற்கும். ஸ்லிப் என்பார்கள். கோயமுத்தூரில் பம்பு கட்டுகிற எவனும் அதைக் கழித்துத்தான் கணக்குப் போடுவான். ஆனால் ரெக்கார்டு பிளேயரில் இருந்தது ஸ்லிப்பே ஆகாத ஜாதி மோட்டார். இல்லாத சறுக்கலுக்கு அவர் புல்லியைக் கூடுதலாகப் பெருக்கி வைத்துவிட்டார். அன்றைக்குச் சுற்றை எண்ணிப் பார்க்கவும் இல்லை. பம்பு கட்டினால் தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார்கள். பாட்டு வந்தது. போதுமென்று விட்டுவிட்டார்.

"ஏனுங்க, சோறு ஆறுது," என்று வந்த மனைவி வசந்தாமணி அவர் முகத்தைப் பார்த்து நின்றாள். "யாருக்கு என்னாச்சுங்க?"

சொன்னார். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப நானு கச்சேரித் தட்டுல அந்தம்மா கூடவே பாடறப்பெல்லாம், 'சுதி எறங்குது, வாய மூடு அம்மணி'ன்னு சொன்னீங்களே? ரேடியோவுல கேட்டு வளந்தவ நானு. அந்தம்மா இத்தன மேல பாட மாட்டாங்கன்னு அப்பவே சொன்னேன். காதுல வாங்குனீங்களா?"

காளிச்சாமி பிளேயரை அணைத்தார். வேகம் கூடியதால்தான் அந்தப் பெண் இருபது வயதுக்காரி. வேகம் கூடியதால்தான் சாக்ஸஃபோன்காரர் சிரிக்கிறார். நட்டத்தில் தன்னைத் தேற்றியது வித்வானா, தான் கடைந்த பித்தளையா?

"இப்புடியே உட்டுப்போடலாமா?" என்று கேட்டார்.

"உங்க பிளேயரு, உங்க காது. என்னையக் கேட்டா?" என்று அவள் உள்ளே போனாள்.

அவர் நெடுநேரம் புல்லியையே பார்த்துக்கொண்டிருந்தார். இதைக் கழற்றினால் அந்த இருபது வயதுப் பெண் போய்விடுவாள்; திரும்ப வரமாட்டாள். கழற்றாவிட்டால், இனி ஊசியை வைக்கிற போதெல்லாம் அவள் இல்லை என்று தெரிந்துகொண்டே கேட்க வேண்டும். சாயங்காலம் பட்டறையைத் திறந்து லேத்தை ஓட்டினார். உளிக்குக் கீழே பித்தளை சுருள் சுருளாக உதிர்ந்தது. சரியான அளவுக்கு ஒரு மயிரிழை இருக்கும்போது கை நின்றது. மறுபடி ஓட்டினார்.

சிறுத்த புல்லியை மறுபடி மாட்டி, சுற்றை எண்ணிப் பார்த்துவிட்டு, கச்சேரித் தட்டைப் போட்டார். குரல் வந்தது. கனத்த குரல். பல்லவி முடிகிற இடத்தில் மூச்சு வாங்குவது கேட்டது. பாடுகிறவளுக்கு நாற்பதுக்குக் குறையாது.

"யாரிது?" என்றார் காளிச்சாமி. விளையாட்டாகக் கேட்கவில்லை.

"இத்தன வருசம் குடித்தனம் பண்ணிப்போட்டு யாருன்னு கேக்கறாரு பாரு!" என்று வசந்தாமணி சிரித்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

அவர் சிரிக்கவில்லை. தாளத்தைப் பிடித்தாலாவது பாட்டு பிடிபடும் என்று தொடையில் தட்டினார். அடி முன்னால் விழுந்தது, பாட்டு பின்னால் வந்தது. மறுபடி தட்டினார். மறுபடி முன்னால். காது ஒப்புக்கொண்டாலும் கை பழைய புல்லியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவர் மிரண்டுபோய்க் கையைப் பார்த்தார்.

வசந்தாமணி அவர் மணிக்கட்டைப் பிடித்து அப்படியே அந்தரத்தில் நிறுத்தினாள்.

"அவசரப்படாதீங்க. இருங்க... இருங்க... இப்ப."