அது உங்களுக்குச் சொன்னதில்லை

எங்கள் கிளைக்கு ஒரு கேடயம் வந்தது. கண்ணாடிக் கேடயம், நடுவில் சிரிக்கிற மஞ்சள் முகம். "மிக மகிழ்ச்சியான கிளை" என்று மூன்று மொழியிலும் பொறித்திருந்தார்கள். தமிழில் மட்டும் ஒரு எழுத்துப் பிழை. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. அந்தச் சனியன் எங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன்.

கல்முனையில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் கிளையில் வேலை செய்கிறேன். சிம்மைத் தொலைத்தவர்கள், வெளிநாட்டில் இருக்கும் மகனோடு கதைக்க முடியாமல் தவிப்பவர்கள், டேட்டா தானாக முடிந்துவிட்டது என்று மேசையில் அடிப்பவர்கள், எல்லோரும் என் முன்னால்தான் வந்து இருப்பார்கள். இந்த வேலை எனக்குப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகும் பெண் ஏதாவது குறை சொல்லிவிட்டால், "அப்ப வீட்டில இருங்களன்" என்று சொல்ல ஊரில் ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

புதிதாக வந்த மனேஜர் கண்டிப் பக்கத்துச் சிங்களவர். புத்தகத்தில் தமிழ் படித்துக்கொண்டு வந்த தங்கமான மனிதர். ஊழியர்களின் மனநலத்தைக் கவனிக்கும்படி கொழும்புத் தலைமை அலுவலகம் சொல்லியிருந்ததாம். காலையில் கதவு திறக்க முன்னர் எங்களை வட்டமாக நிற்கவைத்து, "இன்று எப்படி இருக்கிறீர்கள்?" என்று ஒவ்வொருவராகக் கேட்பார். நாங்களும் ஒவ்வொருவராக "அல்ஹம்துலில்லாஹ்" என்போம். வாசலில் காவலுக்கு நிற்பவரை அண்ணன் முறையில் காக்கா என்போம், அவரும் அதையே சொல்வார். பெரியநீலாவணையில் இருந்து வரும் தமிழ்ப் பிள்ளை முஸ்லிம் இல்லை, அவளுக்கும் எங்களோடு இருந்து அந்தச் சொல் வாயில் ஒட்டிவிட்டது.

மனேஜர் அதை "நான் மிகவும் மகிழ்ச்சியாக இருக்கிறேன்" என்று விளங்கிக்கொண்டு, அப்படியே கொழும்புக்கும் அறிவித்து வந்திருக்கிறார். யாரைக் குற்றம் சொல்வது? எங்கள் ஊரில் அந்தக் கேள்விக்கு வேறு பதில் கிடையாது. காய்ச்சலில் கிடப்பவரும் அதைத்தான் சொல்வார். மையத்து வீட்டில் அழுது வீங்கிய முகத்தோடும் அதைத்தான் சொல்வோம். கடல் வந்து வீட்டை வாரிக்கொண்டு போன வருசம், கூடாரத்து வாசலில் நின்ற என் வாப்பாவும் அதைத்தான் சொன்னார். புகழெல்லாம் இறைவனுக்கே என்று படைத்தவனுக்குச் சொல்லும் சொல் அது. கேட்ட மனிதருக்கு நாங்கள் ஒன்றுமே சொல்லவில்லை.

கேடயத்தின் பின்னாலேயே கட்டளையும் வந்தது. இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் புதுத் திட்டத்தை முதலில் எங்கள் கிளையில்தான் தொடங்கிப் பார்க்கப் போகிறார்கள். இவ்வளவு சந்தோசமானவர்களுக்கு இன்னும் மூன்று மணித்தியாலம் ஒரு சுமையா?

எனக்குச் சுமைதான். என் மகளுக்கு நான்கு வயது. கதை வரப் பிந்திவிட்டது. ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் மிஸ், "ஒவ்வொரு நாளும் புள்ளைட முகத்தப் பார்த்து இருந்து விளையாடுங்க, இதுக்கு வேற மருந்தில்ல" என்றார். அவளுடைய வாப்பா கத்தாரில். ஆகவே ஐந்து மணிக்கு வேலை விட்டு வந்தால், பொழுதுபட்டுப் பள்ளியில் மஃரிபுக்கு வாங்கு சொல்லும்வரை பாயில் நானும் அவளும்தான். பந்தை என் கன்னத்தோடு வைத்துக்கொண்டு, அவள் வாய் திறந்து கேட்கும்வரை கொடுக்க மாட்டேன். மாதக்கணக்கில் மல்லுக்கட்டி "தா" என்று ஒரு சொல் வந்தது. அன்று அவள் கேட்டதெல்லாம் கொடுத்தேன், சீனிப் போத்தல் உட்பட.

எட்டு மணித் திட்டம் தொடங்கிய பிறகு, நான் வீட்டுக்கு வரும்போது அவள் நித்திரை. உம்மா முழங்கால் வருத்தக்காரி, அவள் பின்னால் ஓட முடியாமல் போனைக் கையில் கொடுத்துவிடுவார். ஒரு பௌர்ணமிப் போயா லீவில் பந்தைத் தூக்கிக் காட்டினேன். மகள் கையை நீட்டினாள். "தா" வரவில்லை. கத்தினாள், நிலத்தில் விழுந்து உருண்டு அழுதாள்.

"பயப்படாத மகள், திரும்ப வரும்" என்று உம்மா என்னிடம் சொன்னார். எனக்கு வந்தது பயமில்லை, கோபம்.

மறுநாள் காலை வட்டத்தில் என் முறை வந்தது. "இன்று எப்படி இருக்கிறீர்கள்?"

"நான் நல்லா இல்ல, சேர்."

தன் தமிழில்தான் ஏதோ பிழை என்று நினைத்த மனேஜர் மறுபடியும் கேட்டார். மறுபடியும் சொன்னேன்.

"நீங்கள் எப்போதும் அல்ஹம்துலில்லாஹ் என்றுதானே சொல்வீர்கள்?"

"அது அல்லாஹ்வுக்குச் சொல்றது சேர், உங்களுக்குச் சொன்னதில்ல. உங்களுக்குச் சொல்றதெண்டா இதுதான்: என்ட புள்ளைக்கு வந்த கதை திரும்பிப் போகுது. இண்டையில இருந்து நான் அஞ்சு மணிக்குப் போவன்."

பிறகு தமிழ்ப் பிள்ளை வாய் திறந்தாள். "நானும் நல்லா இல்ல சேர். எட்டு மணிக்குப் பிறகு பஸ் இல்ல. அண்ணன் வரும்வரைக்கும் தெருவில தனிய நிக்கிறன்."

காக்கா தொண்டையைச் செருமினார். "எனக்கும் நிண்டு நிண்டு காலெல்லாம் ஒரே உளைச்சல் சேர், அல்ஹம்துலில்லாஹ்" என்றவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

மனேஜர் சிரிக்கவில்லை. அலுமாரியின் மேலிருந்த கேடயத்து மஞ்சள் முகத்தைப் பார்த்தார். "நான் கொழும்புக்குத் தவறாகச் சொல்லிவிட்டேன்" என்றார். ஆனால் நேரத்தை மாற்றும் அதிகாரம் தனக்கில்லை என்றும், கேட்டுப் பார்ப்பதாகவும், பதில் வரும்வரை எட்டு மணிதான் என்றும் சொன்னார்.

"கேளுங்க சேர். நான் அஞ்சுக்குப் போறன்."

போனேன். அன்றிலிருந்து போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கொழும்பிலிருந்து இன்னும் பதில் இல்லை. வேலை போனால் என்ன செய்வாய் என்று சொந்தக்காரர் கேட்கிறார்கள். நான் வேலையை விடவில்லையே! ஐந்து மணி வரை எந்தக் கொம்பனுக்கும் குறையாமல் வேலை செய்கிறேன். என்னை நிற்பாட்டுவதென்றால் அவர்களே நிற்பாட்டட்டும், என் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு.

நேற்றுப் பின்னேரம் பாயில் இருந்தோம். பந்து என் கன்னத்தில். மகள் என் வாயைப் பார்த்தபடி உதட்டைக் குவிக்கத் தொடங்கினாள். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. அலுவலக இலக்கம். நான் எடுக்கவில்லை, அதுவும் நிற்கவில்லை. மகள் எழும்பிப் போய், போனைக் காலால் தள்ளிவிட்டு, "போ" என்றாள்.

புதுச் சொல். நான் சத்தமாகச் சொன்னேன், அல்ஹம்துலில்லாஹ்.