எண்பதுக்குக் கீழே ஒரு குரல்

கண்ணுகளா, இதில் நானாகச் சேர்த்தது ஒரு வரி கூட இல்லை. நடுராத்திரி இல்லை, சுடுகாடு இல்லை. பட்டப்பகலில், பத்துப் பேர் வேலை செய்கிற கடையின் பின்பக்கத்தில் நடந்தது. பயமாக இருந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கார்களுக்குப் பாட்டுப் பெட்டி பொருத்தும் கடை அது. அங்கே முப்பது வருஷமாக வேலை பார்த்தவரை எல்லாரும் கைராசி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருஷ இடிச்சத்தம் அவர் காதைக் கரையான் மாதிரி அரித்துத் தின்றுவிட்டது. கடைசி ஆறு வருஷமாக எதுவுமே கேட்காது. கடையில் யாருக்கும் தெரியாது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார். பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தால் பாட்டின் அடியும் நுனியும் தெரிந்துவிடும். அந்தக் கை ஒருநாளும் பொய் சொன்னதில்லை.

விஷயம் தெரிந்தவள் மனைவி ஒருத்திதான். அவள் குரல் எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

முதலாளியின் மருமகன் புதிதாகக் கடைக்கு வந்து உட்கார்ந்தான். கெட்டிக்காரன். ஒரே வாரத்தில் மோப்பம் பிடித்துவிட்டான்.

"முதுகுப் பக்கம் நின்னு கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறீங்களே, கைராசி?"

"வேலைல கவனம், தம்பி."

"கவனமா? செவிடன் காதுல சங்கு ஊதுறதுக்குச் சம்பளமும் குடுத்துக்கிட்டிருக்கோமா? அந்த வெள்ளை வண்டிக்கு இன்னிக்கு நீங்களே பில்டர் வைங்க. கையை வெக்கக் கூடாது. காதால மட்டும். மூணு மணிக்கு நான் ஏறி உக்காருவேன். பின்னாடிலேருந்து பாட்டுக்காரி குரல் வந்துச்சுன்னா, நாளைக்கு நீங்க வீட்டுலயே இருந்துக்கலாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவருக்குச் சிரிப்புக் கேட்கவில்லை. பற்கள் தெரிந்தன.

பில்டர் என்றால் பெரிய வித்தை ஒன்றுமில்லை. டிக்கியில் சப்வூபர் பெட்டி இருக்கும். அதற்கு இடி மட்டும்தான் போகவேண்டும். குரல் போகக் கூடாது. குரல் போனால், பாடுகிறவள் டிக்கிக்குள் அடைபட்டுக் கிடக்கிற மாதிரி இருக்கும். ஆம்ப்ளிபயரில் அதற்கென்று ஒரு சின்னத் திருகு. ஸ்க்ரூ டிரைவரால் அதைக் குறைக்கக் குறைக்க, மேல்சத்தமெல்லாம் வடிந்து அடிச்சத்தம் மட்டும் தங்கும். எண்பது ஹெர்ட்ஸுக்கு வந்துவிட்டால் எந்தக் குரலும் தாங்காது.

ஒன்றரை மணிக்கு எல்லாரும் சாப்பிடப் போனார்கள். கைராசிக்குச் சோறு இறங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் வேறு எந்தக் கடை சேர்க்கும்? வண்டிக்குள் தலையை விட்டுப் பாட்டைப் போட்டார். பின்னால் வந்து, திறந்திருந்த டிக்கி முன்னால் மண்டியிட்டார். வெயில் கண்ணைப் பறித்ததால் ஆம்ப்ளிபயரில் விளக்கு எரிந்ததா என்று தெரியவில்லை. வழக்கம் போல ஒன்றும் கேட்காது என்று தெரியும். தெரிந்தே காதைச் சாய்த்தார்.

கேட்டது.

ஒரு பெண் குரல்.

"என்னங்க..."

ஆறு வருஷத்துக்குப் பிறகு ஒரு சத்தம். சந்தோஷத்தில் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. பாட்டில் வருகிற வரி என்று நினைத்தார். எந்தப் பெண்டாட்டியும் புருஷனை அப்படித்தானே கூப்பிடுகிறாள்.

"என்னங்க... என்னங்க..."

பழக்க தோஷத்தில் கை பெட்டிமேல் போனது. பெட்டி அதிரவில்லை. கல் மாதிரி கிடந்தது. இவ்வளவு சத்தத்துக்கு அது துள்ளவேண்டும். அன்று அவர் கையை நம்பவில்லை. காதை நம்பினார்.

பின்னாலிருந்து குரல் வரக் கூடாது. அதுதானே சோதனை. திருகைப் பிடித்தார்.

நூற்று இருபது. குரல் கொஞ்சம் உள்வாங்கியது.

நூறு. கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி...

எண்பது. போயிருக்கவேண்டும்.

போகவில்லை.

"என்னங்க... கதவு..."

என்ன பிடிவாதக் குரல் என்று சிரித்துக்கொண்டே இன்னும் திருப்பினார்.

எழுபது.

"...ங்க..."

அறுபது.

மூச்சு மட்டும்...

ஐம்பது.

நின்றது.

மூன்று மணிக்கு மருமகன் ஏறி உட்கார்ந்தான். இடி நெஞ்சில் விழுந்தது. குரல் முன்னால் நின்றது. குறை சொல்ல இடமில்லை.

"காது நல்லாத்தான் இருக்கு போல. நாளைக்கும் வாங்க."

கைராசி அனுமதி கேட்டுக்கொண்டு சீக்கிரமே கிளம்பினார். நடையில் ஓட்டம் கலந்திருந்தது. மனைவியை எதிரில் உட்காரவைத்து, எதையாவது பேசு, பேசிக்கொண்டே இரு என்று கேட்கவேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வாசலில் கூட்டம். குளியலறைக் கதவு பெயர்ந்து கிடந்தது. அவள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை. குரல்தான் இல்லை. தொண்டை நன்றாக இருக்கிறது, நாக்கு நன்றாக இருக்கிறது, ஏன் சத்தம் வரவில்லை என்று தெரியவில்லை என்றார் டாக்டர்.

பக்கத்து வீட்டுக்காரி அழுதுகொண்டே சொன்னாள். அவர் உதட்டைப் பார்த்தார்.

"நான் சாப்பிட்டுக்கிட்டிருந்தேண்ணே. 'என்னங்க, என்னங்க'ன்னு அக்கா கூப்பிட்டுச்சு. உங்களத்தான் கூப்பிடுது, நீங்க வீட்ல இருக்கீங்கன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் கொறைஞ்சுது. களைச்சுப்போயிக் கொறையல, அண்ணே. யாரோ ரேடியோவத் திருப்பித் திருப்பிக் கொறைக்கிற மாதிரி..."

"எத்தனை மணி?"

"ரெண்டு ஆகல."

சாயங்காலம் கடையின் வயரிங்காரர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். கட்டிலருகே நின்று தலையைச் சொறிந்தார்.

"கேக்கக் கூடாத நேரம்தான், இருந்தாலும் கேக்குறேன். அந்த வெள்ளை வண்டி ஆம்ப்ளிபயருக்கு நான் சாப்பிட்டு வந்துதான் பேட்டரி லைனே குடுத்தேன். அதுக்கு முன்னாடி எதை வெச்சு செட் பண்ணினீங்க?"

கைராசி கட்டில் பக்கம் திரும்பினார்.

மனைவி கண் திறந்தாள். அவரைப் பார்த்தாள். உதடு அசைந்தது. சத்தம் இல்லை.

அவர் குனிந்து படித்தார்.

"கதவுக்கு அடியில உங்க கை தெரிஞ்சுது. ஸ்க்ரூ டிரைவர் வெச்சிருந்தீங்க."

கொஞ்சம் நிறுத்தினாள்.

"நான் கூப்பிடக் கூப்பிட... ஏங்க திருப்பினீங்க?"