வெறுந்தாளில் ஒன்பது கைநாட்டு

நான் பயந்தாங்கொள்ளி. இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. எழுபதுகளின் தொடக்கத்தில், அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகும் வழியில் ஒரு மாதர் சங்கத்தில் எழுத்தராக இருந்தேன். சங்கத்துக்கென்று இருந்த சொத்து ஓர் ஓட்டுக் கட்டடம். காட்டுவேலைக்குப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுவிட்டுப் போவார்கள்.

தலைவர் அம்மாவைத் தவிர கமிட்டியில் ஒன்பது பேர். ஒருவருக்கும் எழுத்துத் தெரியாது. பருத்தி வெடித்துவிட்டால் ஒருத்தியையும் பிடிக்க முடியாது. "கூட்டம் கீட்டமெல்லாம் நீயே எழுதிக்க தாயி" என்று சொல்லி, தீர்மானப் புத்தகத்தின் வெறும் பக்கங்களில் முன்கூட்டியே பெருவிரலை உருட்டிவிட்டு ஓடுவார்கள். பக்கத்தில் இன்னாருடைய கைநாட்டு என்று நான் பெயர் எழுதிவைப்பேன். அதை ஒரு உபகாரமாகத்தான் நினைத்தேன்.

சர்க்கார் காகிதத்தைக் கண்டாலே எனக்குப் பயம். அந்தப் பயம் தெளியட்டும் என்றுதான் பி.ஏ.வுக்கு மேல் தபாலில் சட்டம் படித்தேன். கோர்ட்டில் வாதாட முடியாத படிப்பு அது. "கறுப்புக் கோட்டு மாட்ட முடியாத சட்டத்த வச்சு ஊறுகாயா போடப்போற?" என்றார் அப்பா. ஒருநாள் ராத்திரி படித்த ஆவணப் பாடத்தில், வெறுந்தாளில் வாங்கிய கைநாட்டுக்கு மேலே யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம், வாங்கிவைத்தவர் ஜெயிலுக்குப் போகலாம் என்று இருந்தது. அடிப்பாவி, என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்! விடிந்ததும் அந்தப் பக்கங்களை அடித்துவிட ஓடினேன். புத்தகம் அலமாரியில் இல்லை. தலைவர் அம்மாவின் வீட்டுக்காரர் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிப் போயிருந்தார்.

அடுத்த மாதமே, கட்டடத்தைப் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கிக்காக அவருக்கே கொடுத்துவிடச் சங்கம் தீர்மானித்திருப்பதாகக் காகிதம் வந்தது. "ஏத்தா, நாங்க எப்பச் சொன்னோம்?" என்று பெண்கள் வந்து என்னை உலுக்கினார்கள். யாருக்கு மனுப் போடுவது என்பதைத் தபால் பாடம் சொல்லியிருந்தது. போட்டேன். திருச்சுழியில் விசாரணை என்றார்கள்.

ஆபீஸ் வாசலிலேயே தலைவர் அம்மாவின் வீட்டுக்காரர் நின்றார். "பேரெல்லாம் ஒன் கையெழுத்துத்தான தாயி? பாத்துப் பேசு. மொதல்ல ஜெயிலுக்குப் போறது நீதான்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. நானே படித்திருந்தேனே!

அதிகாரி புத்தகத்தை விரித்தார். சித்திரை மாதத் தேதி. ஒன்பது கைநாட்டு. நாலாவது பெயரை இரண்டாம் தடவை வாசித்தேன். அவள் தை மாதமே காட்டில் பாம்பு கடித்துச் செத்துப்போனவள். அவளுடைய பிள்ளை அந்தக் கட்டடத்தில்தான் தவழ்ந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டால் நான் தப்பிக்கலாம். கட்டடம் போய்விடும். வாயைத் திறந்தால் அடுத்த கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும்.

"சார், இந்த நாலாவது பொண்ணு தையிலேயே எறந்துருச்சு. சித்திரையில எப்பிடி கைநாட்டு வச்சிருக்கும்?"

அவர் நிமிர்ந்தார். "பேரு எழுதுனது யாரு?"

"நாந்தான் சார். வெறுந்தாள்ல கைநாட்டு வாங்குனதும் நாந்தான்."

தீர்மானம் செல்லாது என்று உத்தரவு வந்தது. கட்டடம் தப்பியது. எழுத்தரை நீக்க வேண்டும் என்றும் அதே உத்தரவில் இருந்தது. போலீஸ் வரும் என்று மாதக்கணக்கில் பஸ் சத்தம் கேட்டாலே நடுங்கினேன். வரவில்லை.

பொறுப்பை ஒப்படைக்கப் போன அன்று, புதிய எழுத்தர் மைப்பெட்டியைத் திறந்து தாளை நீட்டினார். எட்டுப் பேரில் ஒருவரும் விரலை நீட்டவில்லை. "மொதல்ல வாசிங்க" என்றாள் ஒருத்தி. அவர் வாசித்தார். அது என்னை வேலையிலிருந்து நீக்கும் தீர்மானம். கடைசி வரி வரை கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் ஒவ்வொருவராக வந்து விரலை உருட்டினார்கள்.