டீக்கடைச் சுவரில் ஐந்து முதலிடம்

மூன்றாம் வகுப்பு படிக்கும்போதே என் முகம் ஃப்ளெக்ஸ் பேனரில் வந்துவிட்டது. ஆவடி குவார்ட்டர்ஸில் என் வயதுப் பிள்ளைகள் வேறு யாருக்கும் அந்தப் பெருமை கிடைக்கவில்லை. ஒருத்தி மாறுவேடப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தாள், ஒருத்தன் கராத்தேயில் மஞ்சள் பெல்ட் வாங்கியிருந்தான். ஆனால் குவார்ட்டர்ஸ் கேட்டுக்கு எதிரே, டீக்கடைச் சுவரை முழுக்க மறைத்த பேனரில், கீழ் வரிசையில் செல்போனைக் காதில் வைத்தபடி நின்றவள் நான் ஒருத்திதான். போன் மாமாவுடையது. பேனரில் இடம்பிடிக்கிற பெரிய மனிதர்கள் யாரிடமாவது போன் பேசிக்கொண்டுதான் இருப்பார்கள் என்பதை நான் ஏற்கெனவே கவனித்து வைத்திருந்தேன்.

பேனர் என் அண்ணனுக்காக. அவன் பன்னிரண்டாவது முடித்திருந்தான். முடித்ததில் என்ன பெரிய விஷயம் என்று கேட்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும். ஒன்பதாவதில் அண்ணன் கணக்கிலும் அறிவியலிலும் தொடர்ந்து கோட்டைவிட்டான். பத்தாவது ரிசல்ட்டில் ஒருவர்கூடத் தவறக் கூடாது என்று கங்கணம் கட்டிக்கொண்டிருந்த பள்ளி அது. அப்பாவைக் கூப்பிட்டு, நாற்காலி போட்டு மரியாதையாக உட்காரவைத்து, கையில் டிசியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். அவருடைய செக்‌ஷனில் எவர் வீட்டுப் பிள்ளை நல்ல மார்க் வாங்கினாலும் அன்றைக்கு எல்லாருக்கும் கேசரி உண்டு. கேசரி சாப்பிட்ட நாட்களில் அப்பா வீட்டுக்கு வந்து எரிந்து விழுவார்.

அம்மாதான் அங்கே இங்கே விசாரித்து அம்பத்தூரை ஒட்டிய மேனாம்பேட்டில் ஒரு சின்னப் பள்ளியைக் கண்டுபிடித்தாள். கீழே டெய்லர் கடை, மாடியில் பள்ளி, மொத்தமே முப்பது பிள்ளைகள் இருப்பார்கள். மற்றப் பள்ளிகள் வேண்டாம் என்று தள்ளியவர்களும் இருந்தார்கள், மற்றப் பள்ளிகளே வேண்டாம் என்று வந்தவர்களும் இருந்தார்கள். யூனிஃபார்ம் இல்லை, ரேங்க் இல்லை, பொதுத்தேர்வை மட்டும் தனித்தேர்வர்களாக எழுதுவார்கள். பள்ளியை நடத்தியவரைப் பிள்ளைகள் டீச்சர் என்று கூப்பிடாமல் அக்கா என்று கூப்பிட்டார்கள். அது பள்ளிக்கூடமே இல்லை என்று அப்பா முடிவுகட்ட இந்த ஒன்றே போதுமானதாக இருந்தது.

ஆகவே அப்பா குவார்ட்டர்ஸில் எல்லாரிடமும் பையன் அம்பத்தூர் பக்கம் ஓர் இன்டர்நேஷனல் ஸ்கூலில் படிப்பதாகச் சொல்லிவைத்தார். சொன்னதற்குத் தோதாக நீலப் பேண்ட், வெள்ளைச் சட்டை, எலாஸ்டிக் வைத்த கோடு போட்ட டை எல்லாம் வாங்கிக் கொடுத்தார். இல்லாத பள்ளிக்கு யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு போனவன் உலகத்திலேயே என் அண்ணன் ஒருவனாகத்தான் இருப்பான். பஸ் ஏறியதும் டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வான், திரும்பும்போது முந்தின ஸ்டாப்பிலேயே மறுபடி மாட்டிக்கொள்வான். எனக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. எனக்கும் அப்படி ஒரு டை வேண்டும் என்று அழுது அடிவாங்கியிருக்கிறேன்.

அந்தப் பள்ளியில் படித்து முடிப்பவர்களுக்கு ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விழா நடக்கும். சிறப்பு விருந்தினர், குத்துவிளக்கு எதுவும் கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அந்தந்த வீட்டிலிருந்து ஒருவர் எழுந்து நின்று, இந்தப் பிள்ளை யார் என்று நாலு வார்த்தை சொல்ல வேண்டும். மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது. இதுதான் விழா. அந்த வருஷம் முடித்தவர்கள் ஐந்து பேர்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அண்ணன் அப்பாவைப் பேச வருமாறு கேட்டான். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"சனிக்கிழமை ஓவர்டைம் இருக்குப்பா."

"சரிப்பா" என்ற அண்ணன், ரசம் சாதம் பாதி மிச்சமிருந்த தட்டிலேயே மோரை ஊற்றிக்கொண்டான். நான் அதைப் பார்த்துச் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. நாலு பேருக்கு முன்னால் நின்றால் தனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் என்று அம்மா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். எனவே இந்தக் குடும்பத்துக்கு என்னை விட்டால் நாதியில்லை என்று நானே தீர்மானித்து, மறுநாள் காலையிலிருந்து கண்ணாடி முன்னால் நின்று பேசிப் பழக ஆரம்பித்தேன்.

அம்மாவின் தம்பி, என் மாமா, அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஷேர் ஆட்டோ ஓட்டினார். விழா என்று கேள்விப்பட்டதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "பேனர் எங்க கட்றீங்கோ?" என்பதுதான். பேனர் கிடையாது என்றதும் அவருக்கு மனசு கேட்கவில்லை. காதுகுத்துக்கே தெருவை அடைத்துப் பேனர் கட்டுகிற ஊரில் பன்னிரண்டாவது பாஸானவனுக்கு ஒன்றும் இல்லை என்றால் என்ன நியாயம் என்றார். மறுநாள் அம்மாவோடு சமையலறையில் ஏதோ பேசிவிட்டு, என்னையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனார்.

கடையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், மாமா கொண்டுவந்த குரூப் போட்டோவிலிருந்து ஐந்து பேரின் முகங்களையும் வரிசையாக ஒட்டிவிட்டு, "யாரு பர்ஸ்ட்டு அண்ணாத்தே? மார்க் எவ்ளோ?" என்றார்.

"அங்க மார்க்கெல்லாம் பேச மாட்டாங்கோ."

"மார்க் இல்லாம இன்னாத்த போட்றது? மூஞ்சிக்கி பக்கத்துல எதுனா போட்டாதான் பேனரு களையா கீது."

மாமா கொஞ்சம் யோசித்தார். "அஞ்சு பேருக்கும் முதலிடம்னு போடு."

"அஞ்சு பேரும் எப்டிபா பர்ஸ்ட்டு வருவாங்கோ?"

"வந்துகீறாங்க இல்ல? நீ போடு நைனா. கேக்குறவன் என்னாண்ட வரட்டும்."

ஐந்து முகங்களுக்குக் கீழும் மஞ்சள் எழுத்தில் 'முதலிடம்' ஏறியது. அடுத்து, மேலே தலைவர் படம் யாருடையது என்று கேட்டார் கடைக்காரர். மாமா தன் போனில் தேடி, என் காதுகுத்து அன்று மண்டப வாசலில் அப்பா கைகூப்பி நிற்கிற படத்தை எடுத்துக் கொடுத்தார். கடைக்காரர் அசந்துபோய், இவ்வளவு பொருத்தமாகக் கும்பிடுகிற ஆளைத் தான் கட்சிப் பேனரில்கூடப் பார்த்ததில்லை என்றார். பிறகு மாமா போனைக் காதில் வைத்துக் கேட்டுக் கேட்டு ஒவ்வொரு சொல்லாகச் சொல்ல, அவர் அடித்தார்: 'என் மகனின் வெற்றி விழாவுக்கு அனைவரும் குடும்பத்துடன் வருக வருக! பெருமையுடன் அழைக்கும் தந்தை.' கீழே அப்பாவின் பெயர், விழா நேரம், பள்ளியின் பெயர், மேனாம்பேட்டு முகவரி. நான் இதிலெல்லாம் தலையிடவில்லை. என் படத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்லி நச்சரிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஸ்கூல் விட்டு வந்தால், மேனாம்பேட்டில் இருக்க வேண்டிய பேனர் எங்கள் கேட்டுக்கு எதிரே டீக்கடைச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. மாமா ஸ்டூலில் ஏறிக் கடைசிக் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம். மேனாம்பேடு எங்கே, இது எங்கே என்று நடுரோட்டில் நின்று கத்தினேன்.

"வயி தப்பிடிச்சி பாப்பா" என்றார் மாமா. தினமும் அந்த ரோட்டிலேயே ஆட்டோ ஓட்டுகிறவர் வழி தப்பி வந்ததை எண்ணி எனக்கு அவர்மேல் பரிதாபம்கூட ஏற்பட்டது.

ஷிஃப்ட் முடிகிற நேரத்தில் நான் பேனருக்குக் கீழேதான் இருந்தேன், வருகிறவர்களுக்கு என் படத்தைக் காட்டிக்கொண்டு. அப்பா ஸ்கூட்டரில் வந்தார். அவருக்கு முன்னால் வந்த நாலைந்து பேர் ஏற்கெனவே அண்ணாந்து படித்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் படித்தார். ஸ்கூட்டரை அணைக்கவும் இல்லை, இறங்கவும் இல்லை. அவருடைய சூப்பர்வைசர் வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"என்ன சார், வீட்ல ஃபங்ஷன், வாயத் திறக்கவே இல்லையே! குடும்பத்தோட வந்துடறோம். ஆமா, அது இன்டர்நேஷனல் ஸ்கூல்னு சொன்னீங்க, இதுல வேற ஏதோ பேர் போட்டிருக்கே?"

அப்பா தன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேலே இருந்த அப்பா சிரித்த முகத்துடன் எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்க சார். கண்டிப்பா வாங்க" என்றார் கீழே இருந்த அப்பா.

வீட்டில் அன்று நடந்ததை அண்ணன் பிற்பாடு சொல்லித்தான் எனக்குத் தெரியும், நான் இருட்டும்வரை டீக்கடையை விட்டு நகரவில்லை. அப்பா மாமாவை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறார். கழற்றிவிடவா என்று மாமா கேட்டதற்கு, "இனிமே கழட்டினா ஏன் கழட்டினேனு கேப்பானுங்க. கெடக்கட்டும்" என்றிருக்கிறார். அம்மா ஒன்றும் தெரியாதவள்போல வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாளாம்.

சனிக்கிழமை ஓவர்டைம் காணாமல் போயிற்று. அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் எங்களோடு வந்தார். அவரை நம்பிக் குவார்ட்டர்ஸிலிருந்து ஏழெட்டுக் குடும்பங்கள் வந்தன. பள்ளி மொட்டைமாடியில் ஷாமியானாவுக்குக் கீழே போட்டிருந்த நாற்காலிகள் போதாமல், டெய்லர் கடை பெஞ்சு முதற்கொண்டு மேலே ஏறியது. இத்தனை கூட்டம் ஏன் வந்தது என்று புரியாமல் பள்ளிக்கூடத்து அக்கா ரோஸ்மில்க்கில் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார். பேனரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

முதலில் ஒரு பெண்ணுக்காக அவளுடைய அம்மா பேசினார், அழுகையில் பாதி போய்விட்டது. அடுத்த பையனுக்காக அவன் சித்தப்பா பேசினார். மூன்றாவதாக அண்ணனின் பெயரைக் கூப்பிட்டதும் நான் ஃபிராக்கை நீவிவிட்டுக்கொண்டு எழுந்தேன். 'அவையோர் அனைவருக்கும்' வரை வாயில் தயாராக இருந்தது. ஒரு கை என் தோளைப் பிடித்து உட்காரவைத்தது. அப்பா எழுந்திருந்தார்.

"எனக்குப் பேசிப் பழக்கமில்ல" என்றார். பேசத் தெரியாவிட்டால் எனக்கு விடலாமே என்று நான் அவர் சட்டையை இழுத்தேன்.

"இவன் என் பையன். இது இன்டர்நேஷனல் ஸ்கூல் கெடையாது. ஒம்பதாவதுல இவனுக்கு டிசி குடுத்துட்டாங்க. உங்ககிட்டல்லாம் சொல்ல எனக்கு வெக்கமா இருந்துச்சு, அதனால பொய் சொன்னேன். நான் சொன்ன பொய்ய மூணு வருஷம் எனக்காகக் காப்பாத்தினது இவன்தான். ஏன்ப்பானு ஒருநாள்கூடக் கேக்கல." அண்ணன் பக்கம் திரும்பினார். "மார்க்கப் பத்திப் பேசக் கூடாதாம். மத்தபடி பேச நெறைய இருக்கு. எனக்குத்தான் வர மாட்டேங்குது."

உட்கார்ந்துவிட்டார். சூப்பர்வைசர்தான் பின்னாலிருந்து, "அதெல்லாம் இருக்கட்டும், கேசரி எங்க சார்?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். "திங்கக்கிழமை" என்றார் அப்பா, அவரும் சிரித்துக்கொண்டு.

அண்ணன் தலையைக் குனிந்து முழங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான். என் பேச்சைக் கேட்க முடியாமல் போன ஏமாற்றம் என்று எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. "அழாத, ஊட்டுக்குப் போய் உனக்கு முழுசா பேசிக் காட்டறேன்" என்று அவன் காதில் சொன்னேன். அவன் அழுகையும் சிரிப்புமாக என்னை இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

மாமாவின் ஆட்டோவிலேயே திரும்பினோம். அண்ணன் முன்னால் மாமா பக்கத்தில் ஏறிக்கொண்டான். பின்னால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நான். திருமுல்லைவாயில் தாண்டும்போது அப்பா கேட்டார்.

"எல்லாம் சரி மாப்ள. குடும்பத்தோட வருக வருகனு என் பேர்ல எழுதினது யாரு?"

மாமா கண்ணாடியில் அம்மாவை ஒருமுறை பார்த்தார். "கடைக்காரன் தப்பா அட்ச்சிட்டான் மாமா."

"இப்பல்லாம் யாரு கவனமா வேலை செய்யறாங்க?" என்றாள் அம்மா, வெளியே பார்த்துக்கொண்டு.

பெரியவர்கள் இப்படி மறந்துபோவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. "ஐயோ, இல்லப்பா! கடைக்காரர் சரியாத்தான் அடிச்சாரு. அம்மா போன்ல சொன்னாங்க, மாமா அதைக் கேட்டுச் சொன்னாரு. நான் பக்கத்துலயேதான் இருந்தேன், அம்மா குரல் எனக்குத் தெரியாதா?" என்றேன்.

தொடையில் சுரீரென்று ஒரு கிள்ளு விழுந்தது. மாமா தேவையில்லாமல் ஹாரன் அடித்தார். அப்பா மெதுவாகக் கையை நீட்டி, என்னைக் கிள்ளிய கையைப் பிடித்தார். அம்மாவை அடிக்கப்போகிறார் என்று நினைத்து நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

அடி எதுவும் விழவில்லை. கண்ணைத் திறந்தபோது இருவரின் கைகளும் அப்படியே என் மடியில் கிடந்தன. உண்மையைச் சொன்னவளுக்கு எதற்குக் கிள்ளு, பொய் சொன்ன அம்மாவின் கையை ஆவடி வரும்வரை அப்பா ஏன் விடவே இல்லை என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.